ஸ்ட்ரெய்ட் விழுந்தும் 300 போச்சு: 7-6 வெச்சு எங்க தப்பு பண்ணேன்?

கடைசிபெஞ்ச் எழுதியது:

வணக்கம். ரெண்டு வருஷமா ஓரமா நின்னு படிச்சுட்டுதான் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவை. மணி ராத்திரி மூணு, தூக்கம் வரல.

சான் ஹோசேல ஒரு கார்டு ரூம். 1-3 நோ லிமிட் ஹோல்டெம் போக்கர்: கட்டாய பிளைண்ட் பந்தயம் 1, 3 டாலர், கையில ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல போர்டுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. வெள்ளிக்கிழமைக் கூட்டம், மேசையில ஒன்பது பேர், ஒருத்தருக்கும் சீட்டைக் கீழ வைக்கிற எண்ணமே இல்ல. என் முன்னாடி சரியா 300 டாலர்.

எனக்கு ஹார்ட்ல 7-6 வந்துச்சு. தொப்பி போட்ட ஒரு பெரியவர் 12க்கு ரெய்ஸ், பந்தயத்தை ஏத்தினார். ஹெட்ஃபோன் மாட்டின பையன் கால், அதே தொகையைப் போட்டான். நான் கால். பட்டன் (கடைசியா ஆடுறவர்) கால், பிக் பிளைண்டும் (கட்டாய 3 டாலர் போட்டவர்) கால். ஸ்மால் பிளைண்ட் விட்டுட்டுப் போன ஒரு டாலரோட 61. ரூம் கட்டணம் 6 போக பாட், நடுவுல சேர்ந்த பணம், 55.

ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு): ஸ்பேடு கிங், ஸ்பேடு 9, டைமண்ட் 8.

பிக் பிளைண்ட் செக், பணம் போடல. பெரியவர் 25 போட்டார். பையன் கால், நான் கால், பட்டன் மடிச்சார் (சீட்டை வெச்சுட்டு விலகினார்), பிக் பிளைண்ட் கால். பாட் 155.

டர்ன்ல (நாலாவது பொதுச் சீட்டு) கிளப் 10. 6-7-8-9-10, கையில ஸ்ட்ரெய்ட்! பெரியவர் 70 போட, பையன் ஹெட்ஃபோனைக் கூடக் கழட்டாம மொத்தத்தையும் நடுவுல தள்ளினான். அவன்கிட்ட என்னை விடக் கொஞ்சம் கூட இருந்துச்சு. எனக்கு மிச்சம் 263. ரெண்டு செகண்ட்கூட யோசிக்கல, கால்னு சொல்லிட்டேன். மத்த ரெண்டு பேரும் மடிச்சுட்டாங்க.

பையன் திருப்பினான். குயீன்-ஜாக். 9லேருந்து கிங் வரைக்கும் ஸ்ட்ரெய்ட். ரிவர்ல (கடைசிப் பொதுச் சீட்டு) எந்தச் சீட்டு வந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லைன்னு பக்கத்துல இருந்தவர் சொல்லித்தான் தெரிஞ்சுகிட்டேன்.

என் கேள்வி இதான். ஃப்ளாப்ல எனக்கு 8 அவுட், ஸ்ட்ரெய்ட்டை முடிக்கிற சீட்டு எட்டு. ரெண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது போடுற குறுக்குக் கணக்குப்படி நாலால பெருக்கினா 32 சதவீதம். அப்போ கால் பண்ணது சரி, டர்ன்ல விழவும் விழுந்துச்சு, மிச்சம் வெறும் நேரம் சரியில்ல. அப்படித்தானே?

முட்டுச்சந்து எழுதியது:

அப்படியேதான். கூலர், பெரிய கையை அதை விடப் பெரிய கை அடிச்ச துரதிர்ஷ்டம். ஸ்ட்ரெய்ட்டைக் கையில வெச்சுகிட்டு 1-3 மேசையில மடிக்கிறவன் வீட்லயே உக்காந்து சீரியல் பார்க்கலாம். அடுத்த கையைப் பாருங்க தல.

ஸ்பேடுராணி எழுதியது:

முட்டு, எது நடந்தாலும் கூலர்னு ஒரு போர்டை மாட்டிட்டா அப்புறம் இந்த இழை எதுக்கு?

கடைசிபெஞ்ச், வீட்ல ஒரு சீட்டுக் கட்டு இருக்குமில்ல, எடுங்க. நாலு 10, நாலு 5, எட்டையும் மேசை மேல பரப்புங்க. இதுதான் நீங்க சொல்ற 8 அவுட்.

இப்போ ஸ்பேடு 10, ஸ்பேடு 5 ரெண்டையும் எடுத்துக் கீழ போடுங்க. போர்டுல ஏற்கெனவே ரெண்டு ஸ்பேடு. நாலு பேர் பணம் போட்ட பாட்ல ஒருத்தர் கையிலயாவது ரெண்டு ஸ்பேடு இருக்க நல்ல வாய்ப்பு. மூணாவது ஸ்பேடு வந்தா அவருக்கு அஞ்சு ஸ்பேடு, ஃப்ளஷ், அது ஸ்ட்ரெய்ட்டை அடிக்கும்; அப்படி வந்து உங்க ஸ்ட்ரெய்ட் சேர்ந்தா அது உங்களுக்கு வந்த சீட்டா, அவருக்கு வந்த சீட்டான்னு தெரியாது. அவர் பெட் போட்டா உங்களுக்கு வயித்தைக் கலக்கும், நீங்க பெட் போட்டா தோத்த கை எல்லாம் மடிஞ்சுடும்.

மிச்சம் ஆறு. இப்போ அந்த மூணு 10ஐயும் தனியா தள்ளி வைங்க. கிங்-9-8 போர்டுல 10 வந்தா உங்களுக்கு 10 வரைக்கும். குயீன்-ஜாக் வெச்சவனுக்கு கிங் வரைக்கும். ஜாக்-7 வெச்சவனுக்கு ஜாக் வரைக்கும். உங்க இலையில விழுற அதே 10 அவங்க இலையிலயும் விழுது, அவங்களுக்குப் பெருசா விழுது. ஒருத்தர் கைக்கு குயீன்-ஜாக் வர 16 வழி இருக்கு. 1-3ல அந்தக் கையை ஃப்ளாப்புக்கு முன்னாடியும் யாரும் மடிக்க மாட்டாங்க, கிங்-9-8ல 25க்கும் மடிக்க மாட்டாங்க. உங்க பையனும் மடிக்கல.

இப்போ மேசை மேல பாருங்க. மூணே மூணு 5. விழுந்தா போர்டு கிங்-9-8-5, அதுல 7-6தான் நட்ஸ், அதுக்கு மேல கையே கிடையாது. 47 தெரியாத சீட்டுல அந்த மாதிரி சீட்டு மூணு.

நான் எப்படி எண்ணுவேன்னா, சுத்தமான 5 ஒவ்வொண்ணும் முழு அவுட், ஸ்பேடு இல்லாத 10 ஒவ்வொண்ணும் அரை அவுட், ஸ்பேடு ரெண்டும் பூஜ்யம். மொத்தம் நாலரை. நீங்க ஓப்பன் எண்டட்னு (ரெண்டு முனையிலயும் சேரும்னு) நினைச்சது வேஷம் கட்டின கட்ஷாட் (ஒரே ஒரு எண்ணுக்குக் காத்திருக்கிறது).

அப்புறம் அந்த 32. அது ஃப்ளாப்லயே எல்லாரும் ஆல் இன் (மொத்தப் பணமும் உள்ள) போய், டர்ன் ரிவர் ரெண்டையும் காசில்லாம பார்க்கிற கணக்கு. சரியாச் சொன்னா 31.5. உங்களுக்கு டர்ன்ல இன்னொரு பெட் காத்துட்டு இருக்கும்போது ஒரு சீட்டு கணக்குதான் செல்லும்: 47ல 8, அதாவது 17 சதவீதம், ஏறத்தாழ ஆறுல ஒண்ணு. நீங்க 25 போடும்போது நடுவுல 105 இருந்துச்சு, ஒண்ணுக்கு 4.2. எட்டும் சுத்தமா இருந்தாக்கூட நஷ்டமில்லாம கால் பண்ண ஒண்ணுக்கு 4.9 வேணும் (விழாத 39க்கு விழுற 8). ஆறுன்னா 6.8. மூணுன்னா 14.7.

எட்டும் சுத்தமா இருந்திருந்தா இந்தச் சின்னக் குறையை டர்ன்ல வாங்கிக்கலாம், கால் பண்ணலாம். இங்க எனக்கு அது மடிக்கிற கை. மடிச்சிருந்தா உங்க நஷ்டம் 12 டாலர்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

நிஜமாவே கட்டை எடுத்துப் பரப்பினேன். மூணு 5ஐப் பார்த்துட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். சரி, ஃப்ளாப் புரியுது. டர்ன்ல? ஸ்ட்ரெய்ட் விழுந்தாச்சே, அங்கயும் மடிக்கணுமா?

ரம்மிமாமா எழுதியது:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்குப் போக்கர் புதுசு, பேரன்கூட பட்டாணி வெச்சு ஆடுறேன். ரம்மி மட்டும் நாப்பது வருஷம்.

ராணியம்மா சொல்றதுல ஒண்ணு எனக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு. ரம்மியில 5-6 வெச்சா 4 வந்தாலும் சரி, 7 வந்தாலும் சரி, ரெண்டும் ஒண்ணுதான். சேர்ந்துச்சா, அடுத்த வேலையைப் பார்த்தோமா. 5-7 வெச்சு நடு சீட்டுக்கு உக்காந்திருந்தா அப்பா திட்டுவார். அதனால ரெண்டு பக்கம் தொறந்திருந்தா நல்லது, நடு சீட்டுக்கு நிக்கிறது கெட்டதுன்னு ரத்தத்துலயே ஊறிப்போச்சு. இங்க 4 வேற, 7 வேறயா?

இன்னொரு சந்தேகம். மூணு சீட்டுல ரன் (வரிசை) கலரை (எல்லாம் ஒரே சின்னம்) அடிக்கும். இங்க கலர் ரன்னை அடிக்குதுன்னு பேரன் சொல்றான். ஏமாத்துறானா?

ஸ்பேடுராணி எழுதியது:

மாமா, பேரன் நல்ல பிள்ளை, ஏமாத்தல. மூணு சீட்டுல மொத்தக் கை 22,100. அதுல ரன் 720, கலர் 1,096. எது கம்மியா வருதோ அதுக்கு மதிப்பு, அதனால ரன் மேல. அஞ்சு சீட்டுல மொத்தம் 25,98,960. ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108. வரிசை அப்படியே தலைகீழ்.

இது சின்ன விஷயம் இல்ல. நம்ம ஊர்லேருந்து மூணு சீட்டு ஆடிட்டு வர்றவங்க நிறைய பேருக்கு ரன் வந்துட்டா ஜெயிச்ச மாதிரி ஒரு பழக்கம் கையிலயே இருக்கு. போர்டுல மூணு ஸ்பேடு படுத்திருக்கும், இவங்க ஸ்ட்ரெய்ட்டைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருப்பாங்க.

4 வேற 7 வேறயான்னு கேட்டீங்களே, அதுதான் இந்த இழையோட மொத்தக் கேள்வியும். ஆமா, வேற. உங்க சீட்டு ரெண்டும் போர்டுல இருக்கிற ரெண்டுக்குக் கீழ இருந்தா, 9-8க்கு 7-6 மாதிரி, மேல் பக்கம் விழுறது விஷம். இடியட் எண்டு, முட்டாள் முனைன்னு இதுக்குப் பேரே வெச்சிருக்காங்க. மேல இருந்தா, 9-8-2 போர்டுக்கு ஜாக்-10 மாதிரி, குயீன் வந்தாலும் 7 வந்தாலும் நீங்கதான் நட்ஸ். ரெண்டு பக்கமும் அணைச்சுகிட்டு இருந்தா, 10-7 மாதிரி, கீழ 6 வந்தா நட்ஸ், மேல ஜாக் வந்தா குயீன்-10 உங்களை அடிக்கும். மூணுக்கும் புத்தகத்துல 8 அவுட்டுன்னுதான் போட்டிருக்கும்.

டர்ன் கேள்விக்கு ராத்திரி வரேன், மீட்டிங் இருக்கு.

நாலாம்நம்பர் எழுதியது:

வணக்கம் பிள்ளையள். ஸ்கார்பரோவில இருந்து எழுதுறன். இங்கையும் 1-3 தான், ஆக்களும் அதே மாதிரித்தான், ஒருத்தரும் மடிக்க மாட்டினம்.

ராணி சொன்னதுக்கு மறுபக்கம் ஒண்டு சொல்லுறன். கட்ஷாட் எண்டால் உடனே எறி எண்டு எல்லாரும் சொல்லுவினம். போன மாசம் பட்டனில இருக்கேக்க எனக்கு டைமண்டில 9-8. ஒருத்தர் 15க்கு ஏத்தினார், நடுவில ஒராள் கோல், நானும் கோல். பொட் ஒரு 45. ஃப்ளொப் கிளப் ஏஸ், ஹார்ட் 6, ஸ்பேட் 5. மூண்டும் மூண்டு நிறம். எனக்கு வேண்டியது 7 மட்டும், நாலு சீட்டு.

ஏத்தினவர் 15 போட்டார், நடு ஆள் கோல். இப்ப நடுவில 75, நான் போட வேண்டியது 15. ஒண்டுக்கு ஐஞ்சு. கட்ஷாட்டுக்கு வேண்டியது 10.75. கணக்குப்படி 161 இருக்கோணும், இருக்கிறது 75. மிச்சம் 86ஐ பிறகு அவையளிட்ட இருந்து எடுக்கேலுமா எண்டதுதான் கேள்வி. என்னட்ட 250 இருந்தது, ஏத்தினவரிட்டையும் அவ்வளவு இருந்தது. அவர் ஏஸை வைச்சிருக்கிறார் எண்டால் உயிர் போனாலும் விடமாட்டார். கோல் பண்ணினன்.

டேர்னில 7. அவர் 50 போட்டார், நடு ஆள் மடிச்சார், நான் 130 ஆக்கினன், அவர் கொஞ்சம் முணுமுணுத்துப்போட்டு கோல். றிவரில 2. மிச்சம் 105ஐயும் வைச்சன். ஏஸ்-கிங்கைக் காட்டிக்கொண்டு கோல் பண்ணினார். ஃப்ளொப்புக்குப் பிறகு அந்த ஒரு மனுசனிட்ட மட்டும் 235 வந்தது.

இது விழுந்த கதை. ஒரு தரம் விழ, பத்துப் பதினொரு தரம் விழாது, ஒவ்வொருக்காவும் 15 போகும், அதையும் சேர்த்துத்தான் சொல்லுறன். என்ர கருத்து என்னெண்டால், என்ர நாலு சீட்டும் நாலு முழுச் சீட்டு. 8-4 வைச்சிருக்கிறவனுக்கும் 7 விழும், 4-3 வைச்சிருக்கிறவனுக்கும் 7 விழும், ரெண்டு பேரும் எனக்குக் கீழதான். அவை ஸ்ட்ரெய்ட் பிடிச்சால் எனக்கு இன்னும் நல்லது. தம்பியின்ர 7-6 க்கு நடந்ததை அப்பிடியே திருப்பிப் பாருங்கோ, நான் அந்த ஹெட்ஃபோன் பெடியன்ர இடத்தில இருக்கிறன்.

அதே கையை 60 டொலரோட இருக்கிறவருக்கு எதிரா ஆட மாட்டன். விழுந்தாலும் எடுக்கிறதுக்கு என்ன இருக்கு? எனக்குப் பிறகு கதைக்கிறதுக்கு ரெண்டு பேர் இருந்தாலும் எறிஞ்சிருப்பன்.

முட்டுச்சந்து எழுதியது:

அண்ணை, "கோல்"னு படிச்சதும் ஃபுட்பால் இழைக்கு வந்துட்டேனோன்னு நினைச்சேன் 😄

விஷயத்துக்கு வரேன். மேசையில டீலர் முறைச்சுட்டு இருக்கும்போது அரை அவுட், முக்கால் அவுட்டுன்னு எண்ண முடியுமா? எட்டுன்னா எட்டு, நாலுன்னா நாலு. மூளை சூடாகாம இருக்கணும்.

நாலாம்நம்பர் எழுதியது:

கோல் தான் தம்பி, போடுறதும் கோல் தான்.

எண்ண வேண்டாம். ஒரு கேள்வி கேட்டால் காணும்: என்ர சீட்டு விழுந்தால் நான் சந்தோசப்படுவனோ, பயப்படுவனோ? பயப்படுவன் எண்டால் அது முழு அவுட் இல்லை.

மவுண்ட்ரோடு எழுதியது:

சென்னையிலேருந்து. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் வந்ததுலேருந்து இங்க ஆன்லைன்ல காசு மேசையே கிடையாது, நான் சும்மா சிப்ஸ் வெச்சு ஆடுற ஆப்லதான் பழகுறேன். அங்க ஃப்ளாப்புக்கு ஏழு பேர் வருவாங்க, ஏழு பேரும் ரிவர் வரைக்கும் வருவாங்க.

யூட்யூப்ல பார்க்கிற எல்லாரும் டிராவை (இன்னும் சேராம காத்திருக்கிற கையை) கால் பண்ணாதே, ரெய்ஸ் பண்ணு, செமி பிளஃப் பண்ணு, அதை வெச்சே எதிராளியை மடிக்க வைன்னு சொல்றாங்க. இங்க நீங்க எல்லாரும் கால், மடி ரெண்டைப் பத்தி மட்டும்தான் பேசுறீங்க. கடைசிபெஞ்ச் அண்ணா ஃப்ளாப்லயே தள்ளியிருந்தா அந்த குயீன்-ஜாக் ஓடியிருக்காதா?

ஸ்பேடுராணி எழுதியது:

மீட்டிங் முடிஞ்சுது. ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

மவுண்ட்ரோடு, செமி பிளஃப் தப்பில்ல. எதை வெச்சுப் பண்றோம்கிறதுதான். ஒரே ஒருத்தர் எதிர்ல, பாட் 100, நீங்க ஃப்ளாப்ல 100 தள்றீங்கன்னு வைங்க. எட்டு சுத்தமான அவுட் இருந்தா, அவர் கால் பண்ணினாலும் 300ல 31.5 சதவீதம், அதாவது 94.50 உங்களுது. போட்டது 100. நஷ்டம் அஞ்சரை டாலர். அவர் பத்துல ஒரு தடவை மடிச்சாலே லாபம். அதனாலதான் அவங்க தைரியமா தள்றாங்க.

இப்போ அதே இடத்துல நாலரை அவுட். வாய்ப்பு 18.4 சதவீதம். கால் வந்தா சராசரி நஷ்டம் கிட்டத்தட்ட 45. இதைச் சரிக்கட்ட அவர் நூத்துக்கு 31 தடவையாவது மடிக்கணும். 1-3 மேசையில கிங் வெச்சிருக்கிறவர் மூணுல ஒரு தடவை மடிப்பாரா? அதுவும் நாலு பேர் இருக்கும்போது நாலு பேருமே மடிக்கணும். யூட்யூப்ல அவங்க காட்டுறது மடிக்கத் தெரிஞ்சவங்களோட ஆடுற மேசை. உங்க ஆப்ல ஏழு பேரும் ரிவர் வரைக்கும் வர்றாங்கன்னா அங்க பிளஃப்புக்கு மதிப்பு சுத்தமா பூஜ்யம், ஆனா நட்ஸ் டிராவுக்கு அது கல்யாண வீடு. மேல்முனை டிராவை எல்லாம் வெச்சுக்கோங்க, கீழ்முனையைத் தூக்கிப் போடுங்க.

சரி, கடைசிபெஞ்சோட டர்ன். 263 போட்டா மொத்தம் 751. 35 சதவீதம் ஜெயிக்கணும். பையன் எதை வெச்சுத் தள்ளுவான்?

உங்களை அடிக்கிறது: குயீன்-ஜாக் 16 வழி, ஒரே நிறத்துல ஜாக்-7 மூணு வழி (ஹார்ட் 7 உங்ககிட்ட). மொத்தம் 19. நீங்க அடிக்கிறது: செட், கையில இருக்கிற ஜோடியோட போர்டு சீட்டும் சேர்ந்து ஒரே எண் மூணு. 10-10, 9-9, 8-8 ஒவ்வொண்ணும் மூணு, மொத்தம் 9. அதுலயும் போர்டு ஜோடியானா ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூணும் ஒரு ஜோடியும், ஸ்ட்ரெய்ட்டுக்கு மேல), நாலுல ஒரு தடவைக்குக் கொஞ்சம் கம்மியா உங்களைத் தாண்டிடுவான். இந்த 28 வழி மட்டும்தான்னா நீங்க ஜெயிக்கிறது 25 சதவீதம். மடிக்கணும்.

ஆனா அவன் 10-9 வெச்சு ரெண்டு ஜோடிக்கும் தள்ளுற ஆள்னா இன்னும் 9 வழி சேருது, அதுல நீங்க பத்துல ஒன்பது தடவை ஜெயிப்பீங்க. உடனே 41 சதவீதம் ஆயிடுது. கால். அதனால டர்ன்ல உங்க கேள்வி "என்கிட்ட ஸ்ட்ரெய்ட் இருக்கா" இல்ல. "ரெய்ஸ் பண்ணின ஒரு பெரியவர் 70 போட்டதுக்கு மேல, பின்னாடி இன்னும் ஆள் இருக்கும்போது, இந்த ஹெட்ஃபோன் பையன் ரெண்டு ஜோடியை வெச்சுக்கிட்டு மொத்தத்தையும் தள்ளுவானா?" அன்னிக்கு ராத்திரி அவனைப் பார்த்தவர் நீங்க. ரெண்டு செகண்ட்ல கால் சொன்னீங்கன்னா அந்தக் கேள்வியே மனசுல எழலைன்னு அர்த்தம். கால் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ரெண்டு செகண்ட் தப்பு.

ஒரு சின்ன விஷயம், கலிபோர்னியாவுல ஆடுறவங்களுக்கு மட்டும். இங்க ரூம்காரங்க பாட்ல சதவீதம் எடுக்கக் கூடாது, கைக்கு இவ்வளவுன்னு நிலையான கட்டணம்தான். 55 டாலர் பாட்டுக்கும் 6, 750 டாலர் பாட்டுக்கும் அதே 6. சின்னப் பாட்ல டிராவை இழுத்துட்டுப் போறது அதனாலயும் இங்க வலிக்கும். மூணு பேர் ஏத்தாம வெறும் 3 டாலர் போட்டு லிம்ப் பண்ணின பாட்ல கட்ஷாட்டுக்குக் கால் பண்ணினா நீங்க ரூமுக்கு வாடகை கட்டுறீங்க.

பிளாக்கிங்பெல் எழுதியது:

இதெல்லாம் ஹோல்டெம் கஷ்டம். ஒமாஹாவுக்கு வாங்க, கையில நாலு சீட்டு, 20 அவுட் ஸ்ட்ரெய்ட் டிரா எல்லாம் உண்டு. நேத்து 13 அவுட் ராப் (பல எண்ணுக்குச் சேர்ற ஸ்ட்ரெய்ட் டிரா) வெச்சு

மட்டுறுத்துநர் எழுதியது:

ஒமாஹாவுக்குத் தனி இழை இருக்கு. மீதியை அங்க வெட்டி ஒட்டியிருக்கேன்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ராணியக்கா, அந்தப் பையனைப் பத்திக் கேட்டீங்களே. யோசிச்சுப் பார்த்தா மூணு மணி நேரத்துல அவன் ஒரு தடவைகூட ரெய்ஸ் பண்ணல. எல்லாத்துக்கும் கால், கால், கால். கிங்-10 வெச்சு ரெண்டு ஜோடி வந்தப்பக்கூட கால்தான் பண்ணினான், நான் பார்த்தேன். அந்த ஆள் திடீர்னு மொத்தத்தையும் தள்றான். எனக்கு என் சீட்டு மட்டும்தான் கண்ணுல தெரிஞ்சுது.

இன்னொரு கை, அதே ராத்திரி, இதைக் கேக்க வெக்கமா இருக்கு. என்கிட்ட ஜாக்-9. ஃப்ளாப் கிங்-10-7. ஒண்ணும் இல்லைன்னு 10 டாலருக்கு மடிச்சுட்டேன். டர்ன்ல 8 வந்தப்பதான் அய்யோன்னு இருந்துச்சு.

ரம்மிமாமா எழுதியது:

இதை நான் சொல்றேன், இது நம்ம ஏரியா. 7, 9, 10, ஜாக், கிங். நடுவுல ரெண்டு ஓட்டை. 8 வந்தா கீழ சேரும், குயீன் வந்தா மேல சேரும். ஒரு நடு சீட்டு இல்ல, ரெண்டு நடு சீட்டு. நாலும் நாலும் எட்டு. சரியா?

ஸ்பேடுராணி எழுதியது:

மாமா, டபுள் கட்ஷாட்டை பேரைத் தெரிஞ்சுக்காமலே கண்டுபிடிச்சுட்டீங்க. பாதிப் பேருக்கு இது கண்ணுல படாது, அதுதான் இதோட அழகு, எதிராளிக்கும் படாது. 8 வந்தா போர்டு கிங்-10-8-7, உங்க ஜாக்-9 நட்ஸ், ஒருத்தனும் நம்ப மாட்டான். ஆனா குயீன் வந்தா?

ரம்மிமாமா எழுதியது:

கிங், குயீன், 10 கீழ கிடக்கு. எனக்கு 9லேருந்து கிங் வரைக்கும். ஏஸும் ஜாக்கும் வெச்சவனுக்கு ஏஸ் வரைக்கும்.

அப்போ 8 நாலும் முழுசு, குயீன் நாலும் அரைகுறை. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஏற்கெனவே தெரியும்ங்கிறான்.

முட்டுச்சந்து எழுதியது:

நான் ஒண்ணு ஒத்துக்கணும். போர்டுல 10-9-8 கிடக்க, ஏஸ்-ஜாக் வெச்சுகிட்டு எட்டு அவுட்டுன்னு எத்தனை தடவை பாட்டுக்கு மேல பணத்தைக் கொட்டியிருப்பேன். குயீன் வந்தா கிங்-ஜாக்காரன் அடிக்கிறான். 7 வந்தா குயீன்-ஜாக்காரன் அடிக்கிறான், அவன் ஃப்ளாப்லயே அடிச்சுட்டுதான் இருந்தான். யாரும் அடிக்கலைன்னா இன்னொரு ஜாக்காரனோட பாதிப் பாதி. ஜெயிச்ச தடவை எல்லாம் போர்டுல நாலு சீட்டு வரிசையா நிக்குது, பச்சைப் பிள்ளைகூட மடிச்சுடும். ஒரு பைசா வராது.

ஆனாலும் அன்னிக்குக் கடைசிபெஞ்ச் இடத்துல நான் இருந்திருந்தா காலேதான். என்னைத் திருத்த முடியாது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஒரு வாரம் கழிச்சு வரேன். அதே ரூம், 200 டாலரோட உக்காந்தேன். பத்து மணி வாக்குல பட்டன்ல எனக்கு ஜாக்-10. நாலு பேர் 10 டாலர் போட்டு உள்ள. ஃப்ளாப் 9-8-2, மூணும் வேற வேற நிறம். மனசுக்குள்ள எட்டு சீட்டையும் பரப்பிப் பார்த்தேன். குயீன் நாலு, 7 நாலு. தள்ளி வைக்க ஒண்ணுகூட இல்ல. முன்னாடி ஒருத்தர் 15, இன்னொருத்தர் கால், நான் கால். டர்ன்ல 3, நாலாவது நிறம். அவர் 30, நடுவுல இருந்தவர் மறுபடியும் கால். ஒண்ணுக்கு நாலரை கிடைக்குது, 4.75 வேணும், ரெண்டு பேர்கிட்டயும் இன்னும் நூத்தைம்பதுக்கு மேல இருக்கு. கால்.

ரிவர் கிங்.

அவர் 60 போட்டார். மடிச்சேன். போட்டது மொத்தம் 55. பக்கத்துல இருந்தவர் "என்ன வெச்சிருந்தீங்க"ன்னு கேட்டார், சொல்லல. எழுந்து போய் ஒரு காபி வாங்கிட்டு வந்து உக்காந்தேன், அடுத்த கை 7-6, ஹார்ட்லயே. சிரிப்பு வந்துடுச்சு.

ரம்மிமாமா எழுதியது:

அதை என்ன பண்ணீங்க?

கடைசிபெஞ்ச் எழுதியது:

முன்னாடி ஒருத்தர் 20க்கு ஏத்தினார் மாமா. டீலர் பக்கம் தள்ளிட்டேன்.